ஆவணமற்ற மாணவருக்குப் பல்கலைக்கழகம் என்னென்ன செய்ய முடியும்? ஆசிரியர் எதுவரை உதவலாம்?

வயல்வரப்பு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் கற்பிக்கிறேன். என்னிடம் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவருக்குக் கோடை விடுமுறையில் எங்கள் ஆய்வகத்தில் ஊதியத்துடன் கூடிய பணியைத் தர முன்வந்தேன். மண் மாதிரிகளைக் கையாள்வதில் அவரிடம் உள்ள நிதானமும் கவனமும் முதுகலை மாணவர்களிடமே அரிதாகக் காணக்கூடியவை. அவர் காரணம் கூறாமல் மறுத்தார். பிறகு தாமாகவே வந்து, ஐந்து வயதில் பெற்றோருடன் இந்த நாட்டுக்கு வந்ததாகவும், தம்மிடம் குடியேற்ற ஆவணம் எதுவும் இல்லை என்றும், டாகா எனப்படும் தற்காலிகப் பாதுகாப்பும் தமக்குக் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். அவருடைய அனுமதியுடன்தான் இதை எழுதுகிறேன். அவரை யாரும் இனங்கண்டுவிடக் கூடாது என்பதால் பிறந்த நாடு, வளாகம் போன்ற விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

வளாகத்துக்குள்ளேயே விசாரிக்கலாமே என்று தோன்றலாம். எங்கள் துறை மிகச் சிறியது. நான் கேள்வியைத் தொடங்கினாலே யாரைப் பற்றிக் கேட்கிறேன் என்பது மற்றவர்களுக்குப் புரிந்துவிடும். இந்தக் குழுவில் நிதியுதவி அலுவலகங்களிலும் குடியேற்றச் சட்டத்திலும் பணிபுரியும் பலர் இருப்பதால் முதலில் இங்கே கேட்கிறேன்.

அவருக்குக் கல்விக் கட்டணத்திலும் செலவுகளிலும் என்ன உதவி உரியது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊதியம் தர முடியாதெனில், அவருடைய உழைப்பை இலவசமாக வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை. அதற்கு நேர்மையான மாற்று வழி உண்டா? அவர் என்னிடம் சொன்னதை நான் எங்காவது பதிவு செய்தால் அது அவருக்கு எதிராகத் திரும்புமா? அடுத்த பருவத்தில் சால்டன் ஏரிக்குக் களப்பயணம் இருக்கிறது. அந்தச் சாலைகளில் எல்லைக் காவல் சோதனைச் சாவடிகள் உள்ளன என்பதும் என்னைக் கவலைப்படுத்துகிறது.

நிதிமேசை

நான் கலிஃபோர்னியாவில் ஒரு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் பணிபுரிகிறேன். பணம் தொடர்பான பகுதிக்கு மட்டும் பதிலளிக்கிறேன்; சட்டம் அறிந்தவர்கள் மற்றவற்றை விளக்கட்டும்.

கூட்டாட்சி அரசின் உதவி எதுவும் அவருக்குக் கிடையாது. பெல் மானியம், கூட்டாட்சிக் கடன், படிப்போடு இணைந்த வேலைத்திட்டம் ஆகிய மூன்றுமே மூடிய கதவுகள். டாகா பெற்று சோஷியல் செக்யூரிட்டி எண் (வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் எண்) வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைதான். எனவே ஃபாஃப்ஸா எனப்படும் கூட்டாட்சி நிதியுதவி விண்ணப்பத்தை அவர் நிரப்பத் தேவையில்லை, நிரப்பவும் கூடாது.

மாநில அளவில் நிலைமை வேறு. 2001இல் நிறைவேறிய ஏபி 540 என்ற சட்டம், கலிஃபோர்னியாவில் மூன்றாண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் படித்து இங்கேயே பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு வெளிமாநிலக் கட்டணத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்களில் அந்தக் கூடுதல் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு முப்பதாயிரம் டாலருக்கு மேல் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஒரு சட்டம் எத்தனை பேரின் படிப்பைக் காப்பாற்றியிருக்கும் என்பது விளங்கும். 2017இல் வந்த எஸ்பி 68, சமுதாயக் கல்லூரியிலும் வயதுவந்தோர் பள்ளியிலும் படித்த ஆண்டுகளையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வழி செய்தது. இந்த விலக்கு ஆவணமற்றவர்களுக்கு மட்டும் உரியதன்று. இங்கே பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேறு மாநிலத்தில் குடியேறிய அமெரிக்கக் குடிமக்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே, ஒருவர் ஏபி 540 மாணவர் என்பதாலேயே அவர் ஆவணமற்றவர் என்று எவரும் முடிவு கட்ட முடியாது. இந்த மறைப்பு தற்செயலாக அமைந்ததன்று. ஏபி 540இன் சட்ட வலிமையே அதில்தான் இருக்கிறது.

2011இல் கையெழுத்தான கலிஃபோர்னியா ட்ரீம் சட்டங்கள் இரண்டும் அடுத்த கதவைத் திறந்தன. 2013 முதல் இம்மாணவர்கள் கால் கிராண்ட் உள்ளிட்ட மாநில நிதியுதவிகளையும் பல்கலைக்கழகத்தின் சொந்த மானியங்களையும் பெறலாம். இதற்குத் தனி விண்ணப்பம் உண்டு. அது மாநிலத்தின் மாணவர் நிதியுதவி ஆணையத்துக்குச் செல்கிறது, கூட்டாட்சிக் கல்வித் துறைக்குச் செல்வதில்லை. இறுதி நாள் வழக்கமாக மார்ச் 2. இதற்கும் மேலாக, கூட்டாட்சிக் கடன் பெற இயலாதவர்களுக்கென்று 2014இல் சட்டமாக்கப்பட்ட ட்ரீம் கடன் திட்டமும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம், கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் ஆகிய இரு அமைப்புகளிலும் இருக்கிறது.

உங்கள் மாணவர் மூன்றாம் ஆண்டு வரை வந்திருப்பதால் கட்டண விலக்கை ஏற்கெனவே பெற்றிருப்பார். ஆனால் ட்ரீம் விண்ணப்பத்தை அவர் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கிறாரா என்பதைக் கேட்டுப் பாருங்கள். கட்டண விலக்கைப் பெற்றவர்களில் பலர், அரசிடம் மேலும் ஒரு படிவத்தைத் தர அஞ்சி, தமக்கு உரிய மானியத்தைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது தகுந்த விவரங்களுடன் எடுத்த முடிவாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

இன்னொன்று. 2019இல் வந்த ஏபி 1645 சட்டத்தின்படி, மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களிலும் சமுதாயக் கல்லூரிகளிலும் இம்மாணவர்களுக்கென ஒரு தொடர்பு அலுவலர் இருக்க வேண்டும். பல வளாகங்களில் ட்ரீம் மையம் என்ற பெயரில் ஓர் அறையே உண்டு. பெர்க்லியில் 2012இலேயே இதற்கென ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. உங்கள் துறையைத் தவிர்த்துவிட்டு நேரே அந்த அலுவலரிடம் பேசுங்கள். மாணவரின் பெயரைச் சொல்லாமலேயே பேசலாம்.

சட்டக்குறிப்பு

குடியேற்றச் சட்டத்தில் வழக்கறிஞராகப் பணிபுரிகிறேன். இது பொதுவான விளக்கம் மட்டுமே. மாணவரின் சொந்த வழக்கு நிலையை ஒரு வழக்கறிஞர் நேரில் பார்க்க வேண்டும். அதற்குப் பணம் தேவையில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு தன் மாணவர்களுக்கு இலவசக் குடியேற்றச் சட்ட உதவியை ஏற்பாடு செய்திருக்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்களுக்கு டேவிஸ் சட்டப் பள்ளியிலிருந்து இயங்கும் ஒரு மையம் அதைச் செய்கிறது. தமக்கு எந்த வழியும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு, உரிய கேள்விகளைக் கேட்ட பிறகு ஒரு வழி தென்பட்ட நேர்வுகள் உண்டு. குற்றச் செயலால் பாதிக்கப்பட்டவர்களுக்கான யு விசா, பெற்றோரால் கைவிடப்பட்ட இளையோருக்கான சிறப்பு நிலை போன்றவை பலருக்குத் தெரிவதில்லை. பின்னதற்கு வயது வரம்பு இருப்பதால் தள்ளிப்போடாமல் விசாரிக்க வேண்டும்.

முதலில் டாகா. இது 2012 ஜூன் 15 அன்று அறிவிக்கப்பட்டது. 2007 ஜூன் 15 முதல் தொடர்ந்து இங்கே வாழ்ந்தவர்கள் மட்டுமே தகுதி பெற்றார்கள். அந்தத் தேதி இன்றுவரை மாற்றப்படவில்லை. அன்றைய உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலர் ஜானட் நபோலிடானோ கையெழுத்திட்டது அது. பிறகு அவரே கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தபோது, 2017இல் அதை ரத்து செய்ய முயன்ற அரசின் மீது பல்கலைக்கழகம் வழக்குத் தொடுத்தது. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்த ரத்து செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் 2021 ஜூலையில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அளித்த உத்தரவுக்குப் பிறகு புதிய விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படவில்லை. பழையவர்கள் புதுப்பித்துக்கொள்வது மட்டும் தொடர்கிறது. உங்கள் மாணவர் ஐந்து வயதில் வந்தார் என்றால், அநேகமாக 2007க்குப் பிறகுதான் வந்திருப்பார். இன்று இளங்கலையில் இருக்கும் ஆவணமற்ற மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் இவரைப் போன்றவர்கள்தான். பத்தாண்டுகளுக்கு முன்பு பல்கலைக்கழகங்கள் அமைத்த உதவித் திட்டங்கள் பலவும், மாணவரிடம் டாகா வழங்கும் வேலை அனுமதி இருக்கும் என்ற எதிர்பார்ப்பில் அமைந்தவை. அந்த எதிர்பார்ப்பு இன்று பொருந்தாது. பல்கலைக்கழகங்கள் இன்னும் இதற்கேற்பத் தங்களை மாற்றிக்கொள்ளவில்லை என்பது என் கருத்து.

அடுத்து, ஊதியம். 1986ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம், வேலை அனுமதி இல்லாதவர் என்று தெரிந்தே ஒருவரை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்கிறது. வேலை அனுமதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்தை ஒவ்வொரு பணியாளரும் நிரப்ப வேண்டும் என்ற விதி அதிலிருந்து வந்தது. ஒப்பந்ததாரராக வைத்துக்கொண்டால் ஐ-9 தேவையில்லையே என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஒப்பந்ததாரருக்கு அந்தப் படிவம் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அனுமதி இல்லை என்று தெரிந்தே ஒருவரின் உழைப்பை ஒப்பந்தம் மூலம் பெறுவதையும் அதே சட்டம் தடுக்கிறது. உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது. ஆகவே அந்த வழியை விட்டுவிடுங்கள்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. எந்தப் படிவத்திலும், எந்தக் காரணத்துக்காகவும், அமெரிக்கக் குடிமகன் என்ற கட்டத்தில் அவர் குறியிடக் கூடாது. குடியுரிமை இருப்பதாகப் பொய்யாகக் கூறுவது, பின்னாளில் திருமணம் மூலமோ வேறு வழியிலோ நிரந்தர வதிவிடம் கோரும் வாய்ப்பையே நிலையாக அடைத்துவிடக்கூடும். வேலைக்கான படிவம், ஓட்டுநர் அலுவலகத்தில் நீட்டப்படும் வாக்காளர் பதிவு, அவசரத்தில் நிரப்பிய நிதியுதவி விண்ணப்பம் ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நல்லெண்ணத்தோடு ஓர் அலுவலர் 'இதைக் குறியிட்டால் போதும்' என்று சொன்னாலும் மாணவர் மறுக்க வேண்டும்.

நேர்மையான மாற்று வழி உதவித்தொகைதான். உழைப்புக்குக் கைம்மாறாக இல்லாமல், கல்விக்காகவும் பயிற்சிக்காகவும் வழங்கப்படும் தொகை ஊதியம் ஆகாது. அதற்கு ஐ-9 தேவையில்லை. ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வர வேண்டும், வராவிட்டால் பணம் குறையும் என்று நிபந்தனை வைத்தால் அது ஊதியமே. மாணவரின் சொந்த ஆய்வுத் தலைப்பு, உங்கள் வழிகாட்டுதல், அதற்கான பாட மதிப்பெண் அலகுகள், அவர் கற்பதை மையமாகக் கொண்ட திட்டம் என்று அமைத்தால் அது உண்மையிலேயே கல்வி உதவித்தொகையாகிறது. பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். தேசிய அறிவியல் அறக்கட்டளையின் கோடைக்கால இளநிலை ஆய்வுத் திட்டத்தில் குடிமக்களும் நிரந்தர வதிவிடம் பெற்றவர்களும் மட்டுமே பயன்பெற முடியும். துறையின் நன்கொடை நிதி, முன்னாள் மாணவர் நிதி போன்றவற்றில் அந்தத் தடை பெரும்பாலும் இருக்காது.

மாநில அரசின் அங்கமான ஒரு பல்கலைக்கழகத்தை 1986 சட்டம் கட்டுப்படுத்தாது என்று சட்டப் பேராசிரியர்கள் பலர் 2022இல் வாதிட்டார்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆட்சிக்குழு 2023இல் அதைப் பரிசீலிப்பதாக அறிவித்து, 2024 ஜனவரியில் ஓராண்டுக்கு ஒத்திவைத்தது. அதே நோக்கத்தில் சட்டமன்றம் நிறைவேற்றிய ஏபி 2586ஐ ஆளுநர் நியூசம் 2024 செப்டம்பரில் நிராகரித்தார். மாணவர்கள் உண்ணாநோன்பு இருந்து கேட்ட உரிமை அது. அந்த வாதம் தவறென்று எந்த நீதிமன்றமும் கூறுவதற்கு முன்பே பல்கலைக்கழகம் பின்வாங்கியதை என்னால் ஏற்க முடியவில்லை.

பதிவு செய்வது பற்றி: மாணவர் பதிவேடுகளை 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் காக்கிறது. மாணவரின் ஒப்புதலோ நீதிமன்ற ஆணையோ, சட்டப்படியான அழைப்பாணையோ இன்றி அவற்றை வெளியாருக்குத் தர முடியாது. எஃப்-1 எனப்படும் வெளிநாட்டு மாணவர் விசாவில் வந்தவர்களைக் கண்காணிக்கும் கூட்டாட்சிக் கணினி அமைப்பில் இவர் பெயர் இல்லை. அவரைப் பற்றிக் குடியேற்றத் துறைக்கு அறிக்கை அனுப்பும் கடமை பல்கலைக்கழகத்துக்கோ உங்களுக்கோ இல்லை. இருந்தாலும் எழுதப்படாத ஒன்றை எவரும் கேட்டு வாங்க முடியாது. மின்னஞ்சலிலோ ஆலோசனைக் குறிப்பேட்டிலோ பரிந்துரைக் கடிதத்திலோ அவருடைய நிலையைக் குறிப்பிடாதீர்கள். முகவரி, தொலைபேசி எண் போன்றவை வெளியிடத்தக்க பொது விவரங்களாகக் கருதப்படுவதால், அவற்றை வெளியிட வேண்டாம் என்று பதிவாளர் அலுவலகத்தில் அவர் எழுதிக் கொடுக்கலாம். இதைக் குடிமக்களும் செய்வதால் யாருக்கும் ஐயம் எழாது.

2025 ஜனவரியில், பள்ளி, கல்லூரி, மருத்துவமனை போன்ற இடங்களில் கைது நடவடிக்கையைத் தவிர்க்கும் பழைய வழிகாட்டுதலைக் கூட்டாட்சி அரசு நீக்கிவிட்டது. ஆனால் வகுப்பறை, ஆய்வகம், விடுதி போன்ற பொதுமக்களுக்குத் திறந்திராத இடங்களில் நுழைய நீதிபதி கையெழுத்திட்ட ஆணை இன்னும் தேவை. குடியேற்றத் துறை அதிகாரியே கையெழுத்திட்ட நிர்வாக ஆணை அதற்கு ஈடாகாது. எவரேனும் வந்து விசாரித்தால், நீங்கள் தனியே பதில் சொல்லாமல் வளாகம் இதற்கென நியமித்திருக்கும் அலுவலரிடம் அனுப்ப வேண்டும்.

களப்பயணம் பற்றிய உங்கள் கவலை முற்றிலும் சரியானது. சால்டன் ஏரிக்கு அருகே 86ஆம் நெடுஞ்சாலையிலும் 111ஆம் நெடுஞ்சாலையிலும் எல்லைக் காவல் சாவடிகள் உண்டு. சான் கிளமென்டி, டெமெக்யூலா வழிகளிலும் உண்டு. வேன் நிறுத்தப்பட்டு ஒவ்வொருவரிடமும் குடியுரிமை கேட்கப்பட்டால், உங்கள் தயவோ பல்கலைக்கழக அடையாள அட்டையோ அவரைக் காக்காது. அவருக்கு மட்டும் விலக்கு அளித்தால் வகுப்பு முழுதும் ஏனென்று கேட்கும். ஆகவே எல்லோருக்கும் பொதுவாக இரண்டு தேர்வுகளை வையுங்கள்: சால்டன் ஏரிப் பயணம், அல்லது சாவடிகள் இல்லாத வேறொரு களத்தில் அதே மதிப்புள்ள பணி. வேலைக்குப் போகும் மாணவர்களும் குழந்தை வளர்க்கும் மாணவர்களும் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்களோடு இவரும் இருப்பார்.

முல்லைக்கொடி

நான் இந்த நிலையிலேயே இருந்து கலிஃபோர்னியாவில் பட்டம் பெற்றவள். எங்களுடையது இலங்கைத் தமிழ்க் குடும்பம். பெற்றோரின் புகலிடக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இப்போது என் நிலை சீராகிவிட்டது. மேலே எழுதியவர்கள் சட்டத்தையும் பணத்தையும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். மாணவர் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

பணக் கஷ்டத்தை விட என்னை அதிகம் களைக்கச் செய்தது, ஒவ்வோர் அலுவலகத்திலும் புதிதாக ஓர் ஆளிடம் என் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்ததுதான். கட்டணப் பிரிவில் ஒருமுறை, விடுதியில் ஒருமுறை, மருத்துவக் காப்புறுதிக்காக ஒருமுறை, பயிற்சி ஒன்றுக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்ட ஆசிரியரிடம் ஒருமுறை. யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று மனதில் ஒரு பட்டியலை எப்போதும் வைத்திருக்க வேண்டும். பேசும் ஆளைப் பார்த்து எதைச் சொல்லலாம் என்று முடிவெடுத்தபடியே இருக்க வேண்டும். இந்தச் சுமையை மதிப்பெண் பட்டியலில் எவரும் காண மாட்டார்கள். நான் படிப்பை விட்டுவிடாமல் இருந்ததற்கு முக்கியக் காரணம், எங்கள் வளாகத்து மையத்தில் இருந்த ஓர் அலுவலர். அவர் என்னை வேறு அலுவலகத்துக்கு அனுப்பும் முன்பு தாமே அங்கே பேசி, நான் யாரிடம் போக வேண்டும், அவர்கள் என்ன கேட்பார்கள், எதற்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை என்பதையெல்லாம் முன்கூட்டியே தெளிவாக்கிவிடுவார்.

ஆகவே, ஐயா, அல்லது அம்மா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவரிடம் மேலும் கேள்விகள் கேட்காதீர்கள். எப்படி எல்லை தாண்டினார்கள், பெற்றோர் என்ன வேலை செய்கிறார்கள், சகோதரர்களுக்கு ஆவணம் உண்டா என்பவை உங்களுக்குத் தேவையில்லாத விவரங்கள். தெரிந்துகொண்டால் அவருடைய பட்டியலில் இன்னொரு பாரம் கூடும், அவ்வளவுதான். அவருக்காகப் பரிதாபப்படுவதையும் வெளிக்காட்ட வேண்டாம். அவர் மண்ணைப் பற்றிப் பேச உங்களிடம் வருகிறார், அதைப் பேசுங்கள். உதவித்தொகைக்கான படிவங்களை நீங்களே முன்கூட்டி விசாரித்து, சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும் இடத்தில் என்ன எழுதுவது என்பதைக்கூடத் தெரிந்து வைத்துக்கொண்டு அவரிடம் கொடுத்தால், அதுவே மிகப் பெரிய உதவி.

பட்டம் பெற்ற பிறகு என்ன பயன் என்று அவர் உங்களிடம் கேட்கும் நாள் வரும். என்னிடம் அந்தக் கேள்வி ஒவ்வொரு தேர்வுக் காலத்திலும் இருந்தது. கலிஃபோர்னியாவில் 2014இல் நிறைவேறிய எஸ்பி 1159 சட்டத்தின்படி, பல தொழில்களுக்கான உரிமங்களைக் குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. அதே ஆண்டு ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம், ஆவணமற்றவரான செர்ஜியோ கார்சியா வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ள அனுமதித்தது. உரிமம் கிடைத்தாலும் வேலை அனுமதி கிடைத்துவிடுவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் சொந்தமாகத் தொழில் செய்யவும் முதுகலைப் படிப்பில் சேரவும் பட்டம் வேண்டும். அவரை முதுகலைக்குத் தயார் செய்யுங்கள்.

ஆஸ்டின் வாசகர்

கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் இந்த ஏற்பாடுகள் நிலையானவை என்று நம்பிவிடக் கூடாது என்பதற்காக டெக்சாஸின் நிலையைச் சொல்கிறேன். ஆவணமற்ற மாணவர்களுக்கு உள்மாநிலக் கட்டணத்தைச் சட்டமாக்கிய முதல் மாநிலம் எங்களுடையது. 2001இல் குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் பெர்ரி கையெழுத்திட்ட சட்டம் அது. கலிஃபோர்னியா அதற்குப் பிறகுதான் வந்தது. 2025 ஜூன் 4 அன்று கூட்டாட்சி நீதித் துறை வழக்குத் தொடுத்தது. மாநில அரசு எதிர்வாதம் செய்யாமல் உடன்பட்டது. அன்றைக்கே நீதிபதி சட்டத்தைச் செல்லாததாக்கினார். இருபத்து நான்கு ஆண்டுகள் நின்ற சட்டம், பாதிக்கப்படும் மாணவர் ஒருவர்கூட நீதிமன்றத்தில் பேசாமலேயே, ஒரே நாளில் முடிந்துபோனது. படிப்பின் நடுவில் இருந்தவர்களுக்கு அடுத்த பருவத்தின் கட்டணம் பல மடங்காயிற்று. ஃபுளோரிடாவும் தன் கட்டணச் சலுகையை அதே ஆண்டில் நீக்கிக்கொண்டது.

ஜார்ஜியாவில் 2010இலேயே ஆட்சிக்குழு, முன்னணி அரசுப் பல்கலைக்கழகங்களில் இம்மாணவர்களைச் சேர்ப்பதையே தடை செய்துவிட்டது. அதற்கு எதிராக 2011இல் ஆதென்ஸ் நகரில் பேராசிரியர்கள் சிலர் ஃப்ரீடம் யுனிவர்சிட்டி என்ற பெயரில் இலவச வகுப்புகளைத் தொடங்கினார்கள். அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இல்லை, பட்டமும் இல்லை. ஆயினும் அங்கே படித்தவர்கள் பிற மாநிலக் கல்லூரிகளில் முழு உதவித்தொகையுடன் சேர்ந்திருக்கிறார்கள். நிறுவனம் கதவை மூடும்போது ஆசிரியர்களால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

சட்டக்குறிப்பு

ஆஸ்டின் வாசகர் சொல்வது சரி. 2025 நவம்பரில் கலிஃபோர்னியாவின் மீதும் அதே துறை வழக்குத் தொடுத்துள்ளது. ஒரு வேறுபாட்டை மட்டும் குறிப்பிட வேண்டும். 1996ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம், மாநிலத்தில் வசிக்கிறார் என்ற காரணத்துக்காக ஆவணமற்றவர்களுக்குத் தரும் சலுகையை எல்லாக் குடிமக்களுக்கும் தர வேண்டும் என்கிறது. ஏபி 540 வசிப்பிடத்தைப் பார்ப்பதில்லை, பள்ளிப் படிப்பையே பார்க்கிறது. இந்த அடிப்படையில்தான் 2010இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக உறுதி செய்தது. கலிஃபோர்னியா அரசு டெக்சாஸைப் போல எதிர்வாதமின்றி விட்டுக்கொடுக்காது என்றே எதிர்பார்க்கிறேன். இருந்தாலும், முடிந்தவரை விரைவாகப் பட்டத்தை முடிப்பது உங்கள் மாணவருக்கு நல்லது.

ஃப்ரீமான்ட் அம்மா

இந்தத் திரியை நம் தமிழ்ப் பெற்றோர்கள் வேறு யாருடைய பிரச்சினையோ என்று கடந்துபோகக் கூடாது. எங்கள் மகள் நான்கு வயதிலிருந்து எச்-4 விசாவில் (எச்-1பி பணி விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) இங்கே வளர்ந்தவள். கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்கள் காத்திருக்கும் காலம் நீண்டுகொண்டே போவதால், இருபத்தொரு வயதானவுடன் அவள் எங்கள் விண்ணப்பத்திலிருந்து விலக்கப்படுவாள். சட்டப்படி வந்து, சட்டப்படி இருந்த காரணத்தாலேயே அவளுக்கு டாகாவும் கிடையாது. எச்-4 பிள்ளைகளுக்கு வேலை அனுமதியும் கிடையாது, கூட்டாட்சி நிதியுதவியும் கிடையாது. எஃப்-1 விசாவுக்கு மாறினால் வெளிநாட்டு மாணவர் கட்டணம் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம். மாறாவிட்டால் அவளும் ஆவணமற்றவளாகிவிடுவாள். இதை எப்போது யாரிடம் கேட்க வேண்டும்?

நிதிமேசை

அம்மா, இருபதாவது பிறந்தநாளுக்கு முன்பே தொடங்குங்கள். எச்-4 நிலையில் இருப்பவர்கள் கலிஃபோர்னியாவில் உள்மாநிலக் கட்டணத்துக்கான வதிவிடத் தகுதியைப் பெற முடியும்; எஃப்-1 நிலையில் பொதுவாக முடியாது. ஆகவே மாற்றத்துக்கான விண்ணப்பத்தை அனுப்பும் முன்பு, மகள் படிக்கும் கல்லூரியின் வதிவிடப் பிரிவிலும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடமும் சேர்த்தே கேளுங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டால் மற்றப் பக்கத்தில் இழப்பு நேரலாம். 2002ஆம் ஆண்டின் குழந்தைகள் நிலைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவளுடைய வயதிலிருந்து சில மாதங்கள் கழிக்கப்படுமா என்பதையும் வழக்கறிஞர் கணக்கிட வேண்டும். ட்ரீம் மையத்தில் எச்-4 பிள்ளைகளுக்கும் இடமுண்டு. நம்மவர்கள் அந்தக் கதவைத் தட்டத் தயங்குவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். தயங்க வேண்டாம்.

வயல்வரப்பு

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. முல்லைக்கொடி அவர்களின் சொற்களை மீண்டும் மீண்டும் படித்தேன். தொடர்பு அலுவலரிடம் பெயர் சொல்லாமல் பேசிவிட்டேன்; துறையின் நன்கொடை நிதியிலிருந்து உதவித்தொகை தர வழி இருக்கிறது என்கிறார். அடுத்த பருவத்துக்கு இரண்டு களங்களையும் பாடத்திட்டத்தில் சேர்க்கப் போகிறேன். ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. நாங்கள் தரும் தொகையைக் காரணம் காட்டி, அவர் இப்போது பெறும் மானியத்தைக் குறைத்துவிடுவார்களா?

நிதிமேசை

குறைக்கக்கூடும், அதனால்தான் தொகையை அறிவிக்கும் முன்பு கேட்டது நல்லதாயிற்று. ஒரு மாணவர் பெறும் மொத்த உதவி, அந்த ஆண்டுக்கான படிப்புச் செலவு மதிப்பீட்டைத் தாண்டக் கூடாது. 2022இல் வந்த ஏபி 288 சட்டம், தனியார் உதவித்தொகையைக் காரணமாக்கிப் பெல் அல்லது ட்ரீம் சட்ட உதவிக்குத் தகுதியுள்ள மாணவரின் கல்லூரி மானியத்தைக் குறைப்பதைத் தடுக்கிறது. ஆனால் உங்கள் துறையின் சொந்த நிதி தனியார் தொகையாகக் கருதப்படாமல் போகலாம். எனவே தொடர்பு அலுவலர் வழியாக நிதியுதவி அலுவலகத்தில் இரண்டைக் கேளுங்கள். கோடைக்காலச் செலவை மதிப்பீட்டில் தனியாகச் சேர்க்க முடியுமா என்பது ஒன்று. குறைக்க வேண்டி வந்தால் மானியத்தில் கைவைக்காமல் ட்ரீம் கடனிலிருந்து குறைப்பார்களா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் இணக்கமான பதிலை எங்கள் அலுவலகம் தந்ததுண்டு.

தொகை கையில் வருவதானால் வரி எண் பற்றிய கேள்வியும் எழும். தனிநபர் வரி அடையாள எண் அவரிடம் ஏற்கெனவே இருந்தால் அதையே பயன்படுத்தலாம். இல்லாவிட்டால், 2025 ஏப்ரலில் வருமான வரித் துறையும் குடியேற்ற அமலாக்கத் துறையும் தகவல் பகிர்வு உடன்பாடு செய்துகொண்டதை மனத்தில் கொண்டு, புதிதாக விண்ணப்பிக்கும் முன்பு வளாகத்தின் இலவசச் சட்ட உதவியில் அவர் ஒருமுறை கலந்து பேசட்டும். கோடைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. சட்ட உதவிக்கான சந்திப்பு நேரங்கள் விரைவாக நிரம்பிவிடும் என்பதால் அதை முதலில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.